எவ்வளவு குறைப்பீர்கள்?

மதுரையில் ஒரு ஆபீஸ். வாசலில் 11 பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் இளைஞர்கள். எல்லோர் கையிலும் ஒரு பைல்.

மோட்டார் இன்ஷூரன்ஸ் வேலைக்குப் பேட்டி. அடிபட்ட வண்டியைப் பார்த்து, "சேதம் இவ்வளவு, கொடுக்க வேண்டிய பணம் இவ்வளவு" என்று எழுதித் தருகிற வேலை.

அந்த 11 பேரில் ஒருவன் எனக்குத் தெரிந்த பையன். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தகப்பனாருக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். பையன் ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தவன். வீட்டில் முதல் முதலாகப் படித்தவனும் அவனே. அவனுடைய தாய்மாமன் மதுரையில் டிங்கர் பட்டறை வைத்து இருக்கிறார். லீவு நாட்களில் அங்கே சுத்தியல் பிடித்துப் பழகியவன்.

அவன் முறை வந்தது. உள்ளே போனான். மூன்று பேர் உட்கார்ந்து இருந்தார்கள். படிப்பு, ஊர் எல்லாம் கேட்டார்கள். கடைசியில் ஒருவர் கேட்டார்:

"தம்பி, ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. ரிப்பேர் பில் ஒரு லட்சம் ரூபாய். நீங்கள் எவ்வளவு குறைப்பீர்கள்?"

பையன் யோசித்தான். "வண்டியைப் பார்க்காமல் எப்படி சார் சொல்வது?" என்றான்.

மூன்று பேரும் சிரித்தார்கள். "சரி, போய் வாருங்கள். தகவல் சொல்கிறோம்" என்றார்கள்.

வெளியே வந்து மற்றவர்களை விசாரித்தான். அதே கேள்விதான். ஒருவன் 30 ஆயிரம் குறைப்பேன் என்று சொல்லி இருக்கிறான். இன்னொருவன் 40 ஆயிரம் என்றானாம். வேலை யாருக்குக் கிடைத்தது என்று தெரியவில்லை. நம் பையனுக்குக் கிடைக்கவில்லை.

அவன் சொன்னதுதான் சரியான பதில். தவறு கேள்வியில் இருக்கிறது. இதுதான் என் கட்சி.

யார் இந்த சர்வேயர்?

சர்வேயர் என்றால் நம் ஜனங்களுக்கு நிலம் அளக்கிறவர்தான் நினைவுக்கு வருவார். இவர் வேறு. இவர் நஷ்டத்தை அளக்கிறவர்.

கம்பெனி ஒரு பக்கம். வண்டிக்காரர் ஒரு பக்கம். நடுவில் இவர். இவருக்குக் கூலி கொடுப்பது கம்பெனி. ஆனால் கம்பெனிக்காகப் பேசுவது இவர் வேலை அல்ல. வண்டிக்காரருக்காகப் பேசுவதும் இவர் வேலை அல்ல. உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

1938-ம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டத்தில் 64-யு.எம். என்று ஒரு பிரிவு இருக்கிறது. சர்வேயர் பற்றிய பிரிவு அது. லைசென்சு கொடுப்பது ஐதராபாத்தில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம். சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். மோட்டார் பிரிவுக்குப் பொறியியல் பட்டமோ, டிப்ளமாவோ வேண்டும். லைசென்சு பெற்ற ஒருவரிடம் வேலை பழக வேண்டும். 2015-ம் ஆண்டு விதிகள் இதற்கு 12 மாதம் என்று வைத்தன. பிறகு பரீட்சை. சொந்தக்காரர் வண்டியோ, தனக்கு ஆதாயம் உள்ள வண்டியோ வந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒரு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள கட்டுப்பாடு மாதிரி இருக்கிறது அல்லவா? அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலைக்கு ஆள் எடுக்கும்போது "எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்டால் என்ன அர்த்தம்? நீதிபதி வேலைக்கு வந்தவரிடம், "மாதம் எத்தனை பேரை ஜெயிலுக்கு அனுப்புவீர்கள்?" என்று கேட்பது போல் இருக்கிறது.

குறைப்பது யார்?

"அப்படியானால் பில் தொகையை அப்படியே கொடுத்துவிடலாமா?" என்று கேட்பீர்கள். கொடுக்க முடியாது. குறையத்தான் செய்யும். ஆனால் அதைக் குறைப்பது விதி. ஆள் அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் பெரியவர்கள் பையன்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

கார் வாங்கி மூன்றரை வருஷம் ஆகிறது. சின்ன கார். மேலூர் ரோட்டில் ஒரு டிராக்டர் மேல் மோதிவிட்டது. பில் இப்படி வருகிறது: கதவு ரூ.12 ஆயிரம். பிளாஸ்டிக் பம்பர் ரூ.8 ஆயிரம். முன் கண்ணாடி ரூ.9 ஆயிரம். பெயிண்ட் வேலை ரூ.16 ஆயிரம். கூலி ரூ.5 ஆயிரம். மொத்தம் ரூ.50 ஆயிரம்.

2002-ம் ஆண்டு மோட்டார் டாரிப் என்று ஒரு விதிப் புத்தகம் வந்தது. சாதாரண பாலிசிகளில் அதிலுள்ள தேய்மானக் கணக்குதான் இன்றும் நடக்கிறது. அதன்படி ரப்பர், பிளாஸ்டிக், டயர், பாட்டரி எல்லாவற்றுக்கும் பாதிதான். கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. இரும்புச் சாமான்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. ஆறு மாதத்துக்குள் என்றால் கழிவே இல்லை. மூன்று வருஷம் தாண்டி நான்குக்குள் என்றால் நூற்றுக்கு 25. பத்து வருஷம் தாண்டினால் பாதி. பெயிண்ட் பில்லில் கால் பங்கைச் சாமான் விலை என்று எடுத்துக்கொண்டு, அதில் பாதியைக் கழிக்க வேண்டும்.

இனிமேல் கணக்கு சுலபம். கதவுக்கு ரூ.9 ஆயிரம். பம்பருக்கு ரூ.4 ஆயிரம். கண்ணாடிக்கு முழுசாக ரூ.9 ஆயிரம். பெயிண்டுக்கு ரூ.14 ஆயிரம். கூலி ரூ.5 ஆயிரம். ஆக ரூ.41 ஆயிரம். சின்ன காருக்கு முதல் ஆயிரம் ரூபாயை வண்டிக்காரரே ஏற்க வேண்டும் என்பதும் விதி. மீதி ரூ.40 ஆயிரம். (வரியையும், கழற்றிப் போட்ட பழைய சாமானின் விலையையும் நான் சேர்க்கவில்லை.)

50 ஆயிரம் 40 ஆயிரம் ஆயிற்று. பத்தாயிரம் குறைந்தது. யாரும் கெட்டிக்காரத்தனம் செய்து குறைக்கவில்லை. ஏழாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். கூடுதலாகப் பணம் கட்டி, "பம்பர் டு பம்பர்" பாலிசி எடுத்தவருக்கு அந்தத் தேய்மானமும் கழியாது.

அப்படி இருக்க, 30 ஆயிரம் குறைப்பேன், 40 ஆயிரம் குறைப்பேன் என்ற பையன்கள் எதிலிருந்து குறைப்பார்கள்? ஒரு குடும்பத்தின் பையிலிருந்துதான்!

தட்டலாமா, மாற்றலாமா?

அப்படியானால் சர்வேயருக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. கணக்கு கடைசியில் வருகிற வேலை. முதல் வேலை கண்ணுக்கு.

பையனின் மாமன் எனக்கு ஒரு நாள் காட்டினார். பட்டறையில் ஒரு பழைய கார். பின் கதவில் இரண்டு பள்ளம். "அண்ணே, இதிலே எது நேத்து விழுந்தது, எது போன வருசம் விழுந்தது?" என்று கேட்டார்.

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

அவர் விரலை வைத்துத் தேய்த்தார். ஒரு பள்ளத்தின் ஓரத்தில் துரு. உள்ளே மண் படிந்து இறுகி இருந்தது. மற்றொன்றில் பெயிண்ட் உதிர்ந்த இடம் பளபள என்று வெள்ளி மாதிரி இருந்தது. "இது புதுசு. அது பழசு. பழசையும் சேர்த்து எழுதச் சொல்வாங்க. எழுதுனா கம்பெனிக்கு நஷ்டம். புதுசையும் பழசுன்னு எழுதுனா வண்டிக்காரருக்கு நஷ்டம்" என்றார்.

இன்னும் சொன்னார். மோதிய உயரம் பார்க்க வேண்டுமாம். "மாடு குறுக்கே வந்தது" என்று சொன்னால் கிரில்லில் ரோமம் ஒட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லாரி இடித்தது என்றால், பள்ளம் லாரி பம்பர் உயரத்தில் இருக்க வேண்டும். முழங்கால் உயரத்தில் இருந்தால் கதையில் எங்கோ ஓட்டை. சேஸிஸ் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஓட்டியவருடைய லைசென்சு அந்தத் தேதியில் உயிரோடு இருந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு பெரிய கேள்வி. கதவைத் தட்டி நிமிர்த்தலாமா? புதுக் கதவு போட வேண்டுமா?

பெரிய ஒர்க்‌ஷாப்பில் "மாற்று" என்பார்கள். அவர்களுக்குச் சாமான் விற்றால் லாபம். கம்பெனியில் "தட்டு" என்பார்கள். அவர்களுக்குச் செலவு குறைவு. சர்வேயர்தான் முடிவு சொல்ல வேண்டும். மடிப்பு ஓரம் கிழிந்து போயிருந்தால் தட்டக் கூடாது. நடுவில் வெறும் பள்ளம் என்றால் நல்ல டிங்கர் தட்டியே சரிசெய்து விடுவார். ஒரு தடவையாவது சுத்தியல் பிடித்தவனுக்கு இது கையிலேயே தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ பார்க்கிறவனுக்குத் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன். இந்தப் பேட்டியை ஏ.சி. அறையில் நடத்தக் கூடாது. பட்டறையில் நடத்த வேண்டும். மதுரையில் பட்டறைக்கா பஞ்சம்? டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல் மோட்டார் தொழிலைத் தொடங்கிய ஊர் இது. கே.புதூரிலும் கப்பலூரிலும் தொழிற்பேட்டை இருக்கிறது. நசுங்கிய கதவு ஒன்றைக் கொண்டுவந்து போடுங்கள். "தம்பி, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கால் மணி நேரத்தில் ஆளின் தரம் தெரிந்துவிடும்.

தண்ணீரில் நின்ற வண்டி

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். 2024 அக்டோபர் 25-ந் தேதி மதுரையில் கொட்டிய மழை நினைவிருக்கிறதா? செல்லூர் பக்கம் தெருவெல்லாம் வெள்ளம். வீட்டுக்குள் தண்ணீர். வெளியே நின்ற வண்டிகளும் தப்பவில்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களிலும் இதே கதி.

தண்ணீர் வடிந்ததும் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கிறார்கள். அங்கேதான் வினை. என்ஜினுக்குள் புகுந்த தண்ணீரைக் காற்று மாதிரி அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டுகிறது. கனெக்டிங் ராடு வளைந்து போகிறது. வெள்ளத்தால் வந்த சேதத்துக்குக் கம்பெனி பணம் தரும். "இது வெள்ளத்தால் வந்தது அல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது" என்று என்ஜின் செலவை மட்டும் தள்ளிவிட இடம் இருக்கிறது. என்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்தவர்கள் தப்புவார்கள். மற்றவர்கள் சாவியைத் தொடக் கூடாது. கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வேலைக்கு வருகிற பையன் இதைச் சொல்கிறானா என்று பாருங்கள். ஏர் பில்டரைக் கழற்றிப் பார்ப்பேன், என்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பேன் என்று சொன்னால் அவனை விடாதீர்கள்.

50 ஆயிரத்துக்குக் கீழே

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியம்.

மோட்டார் நஷ்டம் ரூ.50 ஆயிரம் அல்லது அதற்கு மேல் என்றால்தான் லைசென்சு பெற்ற சர்வேயர் பார்க்க வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே என்றால் கம்பெனி தன் சொந்த ஆளை வைத்தே முடித்துக்கொள்ளலாம். அந்த ஆளுக்கு லைசென்சு வேண்டாம். பரீட்சை வேண்டாம். நம் பையன் போன பேட்டி இந்த மாதிரி வேலைக்குத்தான்.

50 ஆயிரத்துக்குக் கீழே யாருடைய வண்டி வரும்? பெரிய காருக்கு ஒரு விளக்கு உடைந்தாலே ஆயிரக்கணக்கில் ஆகிவிடும். கீழே வருவது மோட்டார் சைக்கிள், மொபெட், பழைய சின்ன கார். விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டை கட்டிக்கொண்டு வருகிறவருடைய வண்டி. பால்காரர் வண்டி. பள்ளிக்கூடத்து வாத்தியார் வண்டி.

அவருக்கு நஷ்டம் ரூ.14 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணக்காரருக்கு அது ஒரு நாள் செலவு. பூக்காரருக்கு அது ஒரு மாத வருமானமாகக்கூட இருக்கலாம். வண்டி பட்டறையில் நிற்கும் வரைக்கும் வியாபாரமும் நிற்கும். பெரிய நஷ்டத்துக்குப் படித்துத் தேறியவர் வந்து பார்க்கிறார். சின்ன நஷ்டத்துக்கு, செல்போன் போட்டோவைப் பார்த்து ஒருவர் முடிவு சொல்லிவிடுகிறார். அவரிடம் பேட்டியில் கேட்டது, "எவ்வளவு குறைப்பீர்கள்?"

சீக்கிரம் பணம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விதி என்பார்கள். அது வாஸ்தவம். சின்னத் தொகைக்கெல்லாம் சர்வேயர் வருகிற வரையில் காத்திருந்தால் நாள்தான் ஆகும். நான் விதியை எடுத்துவிடச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்காருகிறவரும் பட்டறையில் சில மாதமாவது பழகி இருக்க வேண்டும், அதே பரீட்சையை எழுதி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். எவ்வளவு கழித்தோம், எந்த விதிப்படி கழித்தோம் என்று தமிழில் ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். நான்கு வரி போதும். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. படித்துச் சொல்லும்.

நாமும் யோக்கியமா?

ஒரு பக்கத்தையே குறை சொல்லக் கூடாது. லைசென்சு இல்லாத மகன் ஓட்டிப்போய் இடிப்பான். "நான்தான் ஓட்டினேன்" என்று தகப்பனார் கையெழுத்துப் போடுவார். பழைய பள்ளம், புதுப் பள்ளம் எல்லாம் ஒரே விபத்தில் சேரும். சர்வேயர் கையில் ஒரு கவரைத் திணிக்கப் பார்ப்பார்கள். அது பொய், மோசடி. இப்படிப் பத்துப் பேரைப் பார்த்தவர், பதினோராவதாக வருகிற நல்லவரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இன்னொரு விஷயம். 2018 செப்டம்பர் 1-ந் தேதி முதல் புது மோட்டார் சைக்கிளுக்கு ஐந்து வருஷ இன்ஷூரன்சை முதலிலேயே எடுக்க வேண்டும். "ஐந்து வருஷத்துக்குக் கவலை இல்லை" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அந்த ஐந்து வருஷம் மூன்றாம் மனிதருக்கு வரும் நஷ்டத்துக்கு. அதுதான் சட்டப்படி கட்டாயம். நம் சொந்த வண்டிக்கான பாதுகாப்பு பெரும்பாலும் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். இன்றைக்கே பெட்டியைத் திறந்து பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

சர்வேயர் அல்லது கம்பெனி சொன்னதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். சர்வேயர் அறிக்கை வேத வாக்கு அல்ல என்ற கருத்தில் சுப்ரீம் கோர்ட்டு 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் தீர்ப்புச் சொல்லி இருக்கிறது. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கலாம். கம்பெனிக்கு எழுதியும் நியாயம் கிடைக்கவில்லை என்றால், சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் ஆபீஸ் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும்.

மறுபடியும் பையன்

பேட்டி நடந்த அன்று சாயங்காலம் பையன் மாமன் பட்டறைக்குத்தான் போனான். முகம் வாடி இருந்தது.

"என்ன மாப்ளே, என்ன கேட்டாங்க?"

சொன்னான். மாமன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். "வண்டியைப் பாக்காம எப்படி சொல்றதுன்னு கேட்டியா? நல்லாக் கேட்டே. முப்பதாயிரம்னு நீ சொல்லிட்டு வந்திருந்தேன்னா, இந்தப் பட்டறைக்குள்ள உன்னை விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

ஊரில் தகப்பனார் அப்படிச் சொல்லவில்லை. "கேட்டதுக்கு ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லிட்டு வரவேண்டியதுதானேடா?" என்று கேட்டார். அவர் கவலை அவருக்கு. படிக்க வைத்த கடன் இன்னும் பாக்கி. தங்கச்சி பிளஸ்-டூ படிக்கிறாள். அவளும் ஆட்டோமொபைல் படிக்கப் போகிறேன் என்கிறாள். பட்டறைக்குப் பெண் பிள்ளை போவதா என்று பாட்டி சண்டை போடுகிறாள். போகட்டுமே! துருவைப் பார்க்க மீசையா வேண்டும்?

பையன் இப்போது மதுரையில் லைசென்சு பெற்ற ஒரு சர்வேயரிடம் வேலை பழகுகிறான். கைக்கு அதிகம் கிடைக்காது. பஸ் செலவுக்குச் சரியாக இருக்கும். பரீட்சைக்கும் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாமன் பட்டறை. ஒரு நோட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாமான் விலையையும் எழுதுகிறான்.

போன வாரம் நான் போனபோது ஒரு மஞ்சள் கதவு தரையில் கிடந்தது. ஓரத்தில் சின்னக் கிழிசல். மாற்ற வேண்டும் என்கிறான் பையன். பற்ற வைத்துத் தட்டிவிடலாம் என்கிறார் மாமன். நான் டீ குடித்துவிட்டுக் கிளம்புகிற வரைக்கும் தகராறு தீரவில்லை.